நீட்டிக்கப்பட்ட காலம், நிறுத்தப்பட்ட உதவித்தொகை: மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களும் சாதியும்

சென்ற கோடையில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பார்வை மாற்றுத்திறனாளி. தலித் பெண். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போன வரலாறு அவருடைய ஆய்வுப் பொருள். துணைக்கு வந்திருந்த தம்பி இரண்டு கடிதங்களை மேசைமீது வைத்தார். ஒன்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்தது: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மேலும் இரண்டு ஆண்டுகள் அனுமதிக்கப்படுகிறது. மற்றொன்று விடுதிக் காப்பாளர் அனுப்பியது: உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் மாத இறுதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் தேதியிடப்பட்டவை.

“காலம் கொடுத்துவிட்டார்கள் தோழர். அந்தக் காலத்தில் எங்கே தங்குவது, எதைத் தின்பது என்பதைத்தான் யாரும் எழுதவில்லை” என்றார்.

அவருடைய அடையாளம் வெளிப்படாதிருக்கப் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் தவிர்க்கிறேன். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் நம் உயர்கல்வியின் மாற்றுத்திறனாளர் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. சட்டம் மாற்றுத்திறனாளி ஆய்வாளருக்குக் கூடுதல் காலத்தைத் தருகிறது. அந்தக் காலத்தை வாழ்ந்து கடக்கத் தேவையான பொருளை அவருடைய குடும்பம் தரும் என்று சொல்லாமலே எதிர்பார்க்கிறது. குடும்பத்திடம் நிலமோ சேமிப்போ சொந்த வீடோ இருந்தால் சலுகை பயன்படும். அவை தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட குடும்பமாயின், கையில் எஞ்சுவது ஒரு கடிதம் மட்டுமே. மாற்றுத்திறனாளிக்கான உரிமையை யார் துய்ப்பது என்பதை இப்படிச் சாதி தீர்மானிக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது. அதற்கேற்ப இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. மனநலப் பாதிப்பு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அமிலவீச்சால் நேர்ந்த பாதிப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். உயர்கல்வியில் இடஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 5 ஆக உயர்ந்தது (பிரிவு 32).

இச்சட்டத்தின் இதயம் ‘நியாயமான தகவமைப்பு’ என்னும் கோட்பாடு. மற்றவர்க்குச் சமமாக ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தரும் கடமையை அது குறிக்கிறது. அளவுக்கு மீறிய சுமை என்பது மட்டுமே அதற்கு விலக்கு. தகவமைப்பை மறுப்பதே பாகுபாடு என்று பிரிவு 2(எச்) வரையறுக்கிறது. இதைக் கல்லூரி மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மின்தூக்கியோ திரைவாசிப்பு மென்பொருளோ சைகைமொழி பெயர்ப்பாளரோ கேட்பது வேண்டுகோள் ஆகாது. அதை மறுப்பது சட்ட மீறல்.

தேர்வு அறையோடு நின்ற நீதி

இந்தக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் கடந்த சில ஆண்டுகளில் உறுதியாக வளர்த்தெடுத்திருக்கிறது. எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்புள்ள ஒரு தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி கேட்டார். அவருக்கு 40 விழுக்காட்டுக் குறைபாடு இல்லை என்று உதவி மறுக்கப்பட்டது. விகாஷ் குமார் வழக்கு என அறியப்படும் அதில், 2021 பிப்ரவரியில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த மறுப்பைத் தவறென்றது. இடஒதுக்கீட்டுக்கு வேண்டுமானால் 40 விழுக்காடு அளவுகோலாகலாம். தகவமைப்புக்கு அதை அளவுகோலாக்க முடியாது. ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே கேட்டறிந்தே தகவமைப்பு செய்யப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கிலும், 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கிலும் நீதிமன்றம் இதே திசையில் மேலும் நடந்தது.

இவை மூன்றும் பெரும் வெற்றிகள். எனினும் மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: மூன்றும் தேர்வு அறை பற்றிய வழக்குகள். எழுத்தர், கூடுதல் மணித்துளிகள், வினாத்தாள் ஆகியவற்றைச் சுற்றியே நம் தகவமைப்புச் சட்டம் வளர்ந்திருக்கிறது. ஆய்வுப் படிப்புக்குத் தேர்வு அறை கிடையாது. ஆவணக் காப்பகம், ஆய்வுக்கூடம், களப்பணி, நெறியாளரின் அறை, கருத்தரங்கு, வாய்மொழித் தேர்வு என அது ஐந்தாறு ஆண்டுகள் பரவிக் கிடக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்று அரசு கணக்குச் சொல்லிவிடலாம். கையெழுத்தில் எழுதப்பட்ட நூறாண்டுப் பழைய நிலப் பதிவேட்டைப் பார்வையற்றவர் ஆராய்வதற்கு எவ்வளவு காலம், எவ்வளவு பணம், எத்தனை பேரின் உதவி தேவை என்பதை எந்த விதியும் சொல்வதில்லை.

பத்தாண்டுக் கணக்கு

முனைவர் பட்டத்துக்கான யுஜிசியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் காலத்தை இவ்வாறு வகுக்கின்றன. குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. மறுபதிவின் வழி மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம். பெண் ஆய்வாளர்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைபாடுடையோருக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் அனுமதிக்கப்படலாம். மொத்தம் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

வழக்கறிஞர் கண்ணோடு இதைப் படித்தால் நான்கு ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, ‘அனுமதிக்கப்படலாம்’ என்ற சொல். இது உரிமையாக எழுதப்படவில்லை. நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. நெறியாளரின் பரிந்துரை, துறைத்தலைவரின் குறிப்பு, ஆய்வுக்குழுவின் ஒப்புதல் எனப் பல கைகளைக் கடந்தே நீட்டிப்பு வருகிறது. அந்தக் கைகளில் ஒன்று சாதி மனநிலையுடையதாக இருந்தால் போதும், கோப்பு நகராது.

இரண்டாவது, 40 விழுக்காடு. சட்டம் ‘40 விழுக்காட்டுக்குக் குறையாத’ என்கிறது. நெறிமுறையோ ‘40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட’ என்கிறது. சான்றிதழில் சரியாக 40 என்று எழுதப்பட்டவரைச் சொல்லுக்குச் சொல் படிக்கும் ஓர் அலுவலர் வெளியே நிறுத்திவிட முடியும். அதைவிட முதன்மையானது, தகவமைப்புக்கு இந்த அளவுகோலே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன மறு ஆண்டில் இந்நெறிமுறை வெளிவந்திருக்கிறது என்பது.

மூன்றாவது, பெண்ணுக்கு இரண்டு ஆண்டு, மாற்றுத்திறனாளிக்கு இரண்டு ஆண்டு என்றால், மாற்றுத்திறனாளியான பெண்ணுக்கு எவ்வளவு? பத்தாண்டு உச்சவரம்பின்படி அவருக்கும் அதே இரண்டு ஆண்டுகள்தாம். இரண்டு தடைகளை ஒன்றாகச் சுமப்பவரை, ஒரு தடையைச் சுமப்பவராகவே விதி கணக்கிடுகிறது.

நான்காவதே என் கட்சிக்காரரை அலுவலகத்துக்கு அழைத்து வந்தது. பதிவுக்காலம் பத்து ஆண்டு வரை நீளலாம். உதவித்தொகையோ ஐந்து ஆண்டுகளோடு முடிகிறது. 2023 ஜனவரி முதல் யுஜிசி வீதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பின்னர் ரூ.42,000. ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதத்தில் ரூ.42,000 பெற்றவருக்கு அடுத்த மாதம் எதுவும் இல்லை. மற்றவரைவிட மெதுவாகத்தான் இவர் நடக்க முடியும் என்று ஏற்றுக்கொண்டு காலத்தை நீட்டிக்கும் அதே அமைப்பு, உணவையும் உறைவிடத்தையும் மட்டும் மற்றவரின் வேகத்துக்கே அளந்து தருகிறது.

அந்த ஐந்து ஆண்டுகளும் முழுமையாகக் கிடைப்பதில்லை. பல்கலைக்கழகம் மாதந்தோறும் உறுதிப்படுத்தினால்தான் பணம் வரும். ஒருவர் விடுப்பில் சென்றால், ஒரு கையெழுத்து விடுபட்டால், நிலுவை மாதக்கணக்கில் சேர்கிறது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை நிலுவையாகிய 1.75 லட்சம் ரூபாயைப் பற்றிய குறிப்பு இருந்தது. தலித் ஆய்வாளருக்கு உதவித்தொகை என்பது ஊக்கப் பரிசு ஆகாது. அதிலிருந்துதான் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மருந்து வாங்கப்படுகிறது; தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது.

வாசிப்பவருக்கு மாதம் இரண்டாயிரம்

பார்வையற்றோருக்கும் உடல் இயக்கக் குறைபாடுடையோருக்கும் வாசிப்பாளர் அல்லது துணையாளர் செலவுக்கென உதவித்தொகைத் திட்டங்களில் வகுக்கப்பட்ட தொகை மாதம் ரூ.2,000. மணிக்கு 100 ரூபாய் என்று மிகக் குறைவாகவே கொடுத்தாலும் மாதம் 20 மணி நேரம். ஒரு நாளைக்கு 40 நிமிடம். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் நாளொன்றுக்கு 40 நிமிடம் மட்டுமே படித்து ஆய்வேடு எழுத இயலுமா?

மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் ஆய்வு செய்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். தமிழில் நிலைமை வேறு. பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் ஒளிப்படமாக வருடப்பட்ட பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கின்றன. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அவை வெற்றுப் பக்கங்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவற்றைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் இரைச்சலே கேட்கும். கையெழுத்து ஆவணங்களுக்கோ மனிதக் குரலைத் தவிர வேறு வழி இல்லை.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. அவற்றின் கதை நிலவரித் திட்டப் பதிவேடுகளிலும் வட்டாட்சியர் அலுவலகக் கட்டுகளிலும் கையெழுத்தில் புதைந்திருக்கிறது. என் கட்சிக்காரருக்கு அவற்றைப் படித்துக் காட்டியவர்கள் விடுதித் தோழியர். அவர்கள் தங்கள் ஆய்வை முடித்துச் சென்றபோது இவருடைய கண்களும் உடன் சென்றுவிட்டன. அவர் காலதாமதம் செய்தார் என்று கோப்பில் எழுதப்பட்டது. பல்கலைக்கழகம் வாசிப்பாளரை அமர்த்தத் தவறியது என்று எங்கும் எழுதப்படவில்லை.

இத்தனைக்கும் அச்சு நூல்களைப் பொறுத்தவரை சட்டத் தடை எதுவும் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவத்துக்கு நூல்களை மாற்றுவதை அனுமதிக்கிறது. இதே நோக்குடைய மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. உலக அரங்கில் முதலிடம். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு வருடிக் கருவிக்கு விண்ணப்பம்.

கட்டடங்களின் நிலையும் இதுவே. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கனவாக மாற்ற வேண்டும் என்கிறது பிரிவு 45. அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்தது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

சாதியும் குறைபாடும் சேருமிடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினரில் மாற்றுத்திறனாளிகள் 2.45 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரில் 2.18 விழுக்காடு. இந்த இடைவெளிக்கு இயற்கை காரணமில்லை. கர்ப்பிணித் தாய்க்குக் கிடைக்காத சத்துணவு, சேரிக்கு வந்து சேராத மருத்துவம், கல்குவாரியும் செங்கல் சூளையும், சாதிய வன்முறையில் முறிக்கப்பட்ட கைகால்கள் ஆகியவற்றைக் காணாமல் இந்த எண்ணைப் புரிந்துகொள்ள முடியாது.

உயர்கல்விக்குள் வருவோர் மிகச் சிலரே. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20இல் நாடு முழுவதும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் 92,831 பேர். பெருந்தொற்றுக் காலமான 2020-21இல் அது 79,035 ஆகக் குறைந்தது. அவ்வாண்டு மொத்த மாணவர்கள் 4 கோடிக்கு மேல். ஆயிரம் பேரில் இருவர்கூட இல்லை. சட்டம் சொல்வதோ நூறு இடங்களில் ஐந்து. முனைவர் படிப்பில் இந்த ஐந்து விழுக்காடு இன்னும் எளிதாக மறைகிறது. ஒரு துறையில் ஐந்து இடங்கள் என்றால் அதில் 5 விழுக்காடு கால் இடம். துறைவாரியாகக் கணக்கிட்டால் எந்தத் துறையிலும் ஓர் இடமும் வராது.

சாதியும் பாலினமும் குறைபாடும் ஒரே உடலில் சேரும்போது ஒடுக்குமுறை எவ்வாறு புதிய வடிவம் கொள்கிறது என்பதை 2021 ஏப்ரலில் பட்டன் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே பேசியது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளான வழக்கு அது. குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை, சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என மெய்ப்பிக்கப்படவில்லை என்று விலக்கியது. ஒடுக்குமுறைகள் பின்னிப் பிணைந்தவை என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றத்தாலேயே, சாதியைத் தனியே பிரித்துக் காட்டச் சொன்ன அன்றைய சட்டச் சொற்களைக் கடக்க இயலவில்லை.

பல்கலைக்கழக வளாகத்தில் இதே காட்சி சிறிய அளவில் நாள்தோறும் நடக்கிறது. என் கட்சிக்காரர் விடுதிப் பிரச்சினையைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவில் முறையிட்டார். இது மாற்றுத்திறனாளிகள் பிரிவு பார்க்க வேண்டியது என்றார்கள். அங்கே சென்றார். உதவித்தொகை சாதிப் பிரிவில் வருவது, அங்கேயே கேளுங்கள் என்றார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே ஒரு மைதானம். வெள்ளைக்கோலுடன் அதை அவர் எத்தனை முறை கடந்தார் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

‘சுமை’ என்னும் வாதம்

உதவித்தொகையைக் காலத்தோடு நீட்டித்தால் அரசால் தாங்க முடியாது என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 200 பேருக்கு. ஓராண்டில் தேர்வான 200 பேரும் ஒருவர் விடாமல் இரண்டு ஆண்டு நீட்டிப்புப் பெற்றால், மாதம் ரூ.42,000 வீதம் ஆளுக்கு ரூ.10,08,000. மொத்தம் ரூ.20 கோடியே 16 லட்சம். வீட்டு வாடகைப் படியைச் சேர்த்தாலும் ஒன்றிய அரசின் கல்விச் செலவில் இது துளி. உண்மையில் அனைவரும் நீட்டிப்புக் கேட்கப்போவதும் இல்லை. இதை ‘அளவுக்கு மீறிய சுமை’ என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது என்றே கருதுகிறேன்.

தரம் குறையும் என்பது அடுத்த வாதம். இடஒதுக்கீட்டுக்கு எதிராக நாம் கேட்டுச் சலித்த அதே குரல். வாசிப்பாளர் ஆவணத்தைப் படித்துக் காட்டுவார். ஆய்வை எழுத மாட்டார். புறத்தேர்வாளரின் கேள்விகளும் வாய்மொழித் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே. அந்தக் கேள்விகளைச் சந்திக்கும் இடம்வரை வந்து சேரும் வாய்ப்பைத்தான் தகவமைப்பு சமமாக்குகிறது.

காலத்தைத் தந்து பொருளை நிறுத்துவது என்ன செய்யும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியாவில் பயின்ற அம்பேத்கர், 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று கல்வி நிறுவனம் அனுமதி தந்தது. காலம் இருந்தது, பணம் இல்லை. பம்பாய் திரும்பி, சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சேமித்து, கோல்காப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரின் கடனும் சேர 1920இல்தான் மீண்டும் இலண்டன் செல்ல முடிந்தது. அவர் மீண்டார். அவரைப் போல் மீள முடியாமல் போன ஆய்வுகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்க நம்மிடம் பட்டியல் இல்லை.

கோர வேண்டியவை

பதிவுக்காலம் நீட்டிக்கப்படும்போதெல்லாம் உதவித்தொகையும் தாமாகவே நீட்டிக்கப்பட வேண்டும். விடுதி அறை உதவித்தொகையோடு பிணைக்கப்படாமல் பதிவோடு பிணைக்கப்பட வேண்டும். யுஜிசி நெறிமுறையின் ‘அனுமதிக்கப்படலாம்’ என்பது உரிமையாக மாற்றப்பட்டு, 40 விழுக்காடு என்னும் வேலி அகற்றப்பட வேண்டும். வாசிப்பாளர், துணையாளர், சைகைமொழி பெயர்ப்பாளர் ஆகியோருக்கான செலவை மாணவரின் உதவித்தொகையில் ஏற்றாமல் பல்கலைக்கழகமே உண்மைச் செலவின்படி ஏற்க வேண்டும். முனைவர் பட்ட இடங்களைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் தொகுத்து 5 விழுக்காட்டைக் கணக்கிட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவும் மாற்றுத்திறனாளிகள் பிரிவும் கூட்டாக அமர்ந்து முறையீடுகளைக் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்குச் சில சொற்கள். உங்கள் தேவையை எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி மறுப்பு நீதிமன்றத்தில் நிற்காது. உங்கள் பல்கலைக்கழகத்தின் சமவாய்ப்புக் கொள்கையையும் முனைவர் பட்ட இடஒதுக்கீட்டுப் பட்டியலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். அவர் பரிந்துரை அளித்தால், நடவடிக்கையையோ ஏற்காமைக்கான காரணத்தையோ மூன்று மாதங்களுக்குள் பல்கலைக்கழகம் தெரிவித்தாக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 226 இருக்கிறது. தலித் மாணவர் அமைப்புகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். நம் கூட்டங்கள் மாடியறையில் நடக்கின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கட்சிக்காரரின் விடுதிக் கடிதம் முறையீட்டுக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. உதவித்தொகைக் கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. பகலில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்துகிறார். இரவில், வேலை முடிந்து வரும் தம்பி பதிவேட்டின் படிகளைப் படித்துக் காட்ட, பறிபோன நிலங்களின் சர்வே எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தரப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஏழு மாதங்கள் கழிந்துவிட்டன.